கழிவுநீர்த் துறையின் களஞ்சியத் திறப்பு விழா

நகரத்தின் கழிவுநீரை இறைத்து வெளியேற்றும் துறையின் தலைமை அலுவலகம், அந்நகரத்தின் மிக உயரமான மேட்டில் கட்டப்பட்டிருந்தது. கழிவுநீர் மேல்நோக்கி ஓடாது என்பதை அத்துறையினர் நன்கு அறிந்திருந்தார்கள் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. அவர்கள் அறிந்திருந்த பிற செய்திகளும் இக்கதையில் சொல்லப்படும். அவற்றுக்கு அதிக இடம் தேவைப்படாது.

மூன்றாவது மாடியில் கணினிப் பிரிவு இருந்தது. எந்தத் தெருவின் தொட்டி எவ்வளவு நிறைந்தால் எந்தப் பம்பு ஓட வேண்டும் என்று தீர்மானிக்கும் நிரலை எழுதுவதும் திருத்துவதும் அப்பிரிவின் வேலை. வேலை செய்தவர்கள் ஐவர். ஐவரிடமும் அந்நிரலின் பிரதி ஒவ்வொன்று இருந்தது. ஐந்தும் ஒன்றுக்கொன்று ஒவ்வாதவை. பம்புகளை இயக்கும் பொறி இவற்றுள் எதற்குக் கட்டுப்பட வேண்டும் என்பதற்கு எழுதப்படாத விதி ஒன்று இருந்தது. மாலையில் கடைசியாக வீட்டுக்குப் போகிறவர் தம் பிரதியை எல்லாக் கணினிகளும் பகிரும் பொது வட்டில் போட்டுவிட்டு விளக்கை அணைக்க வேண்டும். அவர் போட்டதே அன்றைய நகரத்தின் நிரல். பகலெல்லாம் உழைத்து ஒருவர் செய்த திருத்தம் எவ்வளவு சரியானதாக இருந்தாலும், பேருந்தைப் பிடிப்பதற்காக அவர் சற்று முன்னதாக எழுந்துவிட்டால் அது செல்லாது. ஆகவே அப்பிரிவில் மூளையின் வலிமையைக் காட்டிலும் உட்காரும் வலிமையே மதிக்கப்பட்டது.

அவ்வலிமையில் ஐவருள் மூத்தவரை வெல்ல ஆளில்லை. மற்றவர்கள் பைகளை எடுப்பதும் வைப்பதுமாக ஒருவரையொருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கும் வேளையில், அவர் நகம் வெட்டுவார். செய்தித்தாளின் மணமகள் தேவை விளம்பரங்களை, மணமாகி முப்பதாண்டு கழிந்த பின்னும், வரி விடாமல் படிப்பார். எல்லோரும் தோற்றுப் போனபின் தம் பிரதியைப் போட்டுவிட்டுக் கிளம்புவார். அப்பிரதி மிகப் பழையது. அதில் ஒரு தெருவின் பம்பு, தொட்டி நிறைந்து வழிந்த பிறகுதான் ஓடத் தொடங்கும். மின்சாரத்தை மிச்சப்படுத்துவதற்காக எப்போதோ அவ்வாறு மாற்றியவருக்குப் பாராட்டிதழ் வழங்கப்பட்டிருந்தது. மாற்றியவர் யார் என்பது மறந்துபோய், பாராட்டிதழ் மட்டும் சுவரில் தொங்கியது.

வழிந்த தெருவில்தான் புதுசின் அக்கா குடியிருந்தாள்.

புதுசு என்பது பெயரன்று. அவள் அப்பிரிவில் சேர்ந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன; அவளுக்குப் பின் எவரும் சேர்க்கப்படாததால் அவளே இன்னமும் புதுசு. அக்காவின் வீடு சரிவின் அடியில், தரைத்தளத்தில் இருந்தது. அக்காவின் கணவருக்குச் சர்க்கரை நோய். வலது பாதத்தில் இரண்டு விரல்களை எடுத்திருந்தார்கள். புண் இன்னும் மூடவில்லை. அழுக்குத் தண்ணீர் ஒருமுறை பட்டாலும் மீதிப் பாதத்தைக் காப்பாற்ற முடியாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். படியேற அவரால் இயலாது. அதனால் மாடிக்குக் குடிபோகவும் வழியில்லை.

"மறுபடி வந்துடுச்சுடி," என்று அக்கா ஒரு காலையில் தொலைபேசியில் சொன்னாள்.

"எதுவரைக்கும்?"

"குளியலறை தாண்டி, கூடத்துல பாதி. தெருவுல யார் வீட்ல என்ன சமைச்சாங்கன்னு நான் இப்பல்லாம் யாரையும் விசாரிக்கறதே இல்ல. தானா வந்து சொல்லிட்டுப் போகுது."

"அத்தான்?"

பின்னாலிருந்து அத்தானின் குரல் கேட்டது. "தங்கச்சி ஆபீஸ்லேர்ந்து பார்சல் வந்திருக்கு. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கச் சொல்லு!"

"கட்டில்ல ஏத்தி வெச்சிருக்கேன்," என்றாள் அக்கா. "வாய் மட்டும் இறங்கி வருது. ஏண்டி, நேத்து சரி பண்ணிட்டேன்னு சொன்னியே?"

சரி செய்துதான் இருந்தாள். தொட்டி முக்கால் பங்கு நிறைந்ததும் பம்பு ஓடும்படி திருத்துவதற்கு ஒரேயோர் எண்ணை மாற்றினால் போதும். அவள் பலமுறை மாற்றினாள். ஒவ்வொரு மாலையும் மூத்தவர் அதன்மேல் தம் பிரதியைப் போட்டார்.

"அதுக்குள்ள என்ன இருக்குன்னு பார்த்தீங்களா சார்?" என்று அவள் கேட்டாள்.

"அதையெல்லாம் எதுக்கும்மா பார்க்கணும்? போறதுக்கு முன்னாடி ஒரு காப்பி போடலைன்னா எனக்குத் தூக்கம் வராது."

"போட்டா, எங்கக்காவுக்குத் தூக்கம் வர மாட்டேங்குது சார்."

"அவங்களைச் சாயங்காலம் காபி குடிக்க வேணாம்னு சொல்லு."

மறுநாள் காலையில் புதுசு தன் கணினியில் கட்டளைகளைத் தட்டும் கறுப்புத் திரையைத் திறந்தாள். நிரல் இருந்த கோப்புறைக்குள் சென்று, 'கிட் இனிட்' என்று இரண்டு சொற்களில், 'இங்கே ஒரு களஞ்சியம் தொடங்கு' என்னும் கட்டளையைத் தட்டினாள். அவ்வளவுதான் ஒரு களஞ்சியம்; தொடங்கிய கோப்புறைக்குள் இருப்பது மட்டுமே அதற்குச் சொந்தம். அதன்பின் நிரலில் யார் எந்த வரியை எப்போது மாற்றினாலும் அது நினைவில் வைத்துக்கொள்ளும். ஒருவர் திருத்தத்தின்மேல் இன்னொருவர் கண்ணை மூடிக்கொண்டு பழையதைக் கொட்ட விடாது. தவறு நேர்ந்தால் முந்தைய நிலைக்குத் திரும்பலாம். உலகெங்கும் மாணவர்கள் இதனைக் கொட்டாவி விட்டபடி செய்கிறார்கள். அவளுடைய தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிட்ட அவ்வேலையைப் பற்றித் துணை இயக்குநருக்குத் தகவல் போய்ச் சேர்வதற்கும் அதே நேரந்தான் பிடித்தது.

துணை இயக்குநர் அவளைத் தம் அறைக்கு அழைத்தார்.

"யாரைக் கேட்டும்மா இதை ஆரம்பிச்சே?"

"கேக்கறதுக்கு இதுல ஒண்ணுமில்ல மேடம். ரெண்டு வார்த்தை தட்டணும்."

"ரெண்டு வார்த்தைன்னு சாதாரணமாச் சொல்றே. நான் 'பார்த்தேன்'னு ஒரு வார்த்தை எழுதறதுக்கு முன்னாடி, மேல மூணு பேர் பார்த்திருக்காங்களான்னு பார்த்துட்டுத்தான் எழுதுவேன். சரி, இதனால என்ன பிரயோஜனம்?"

"யார் எந்த வரியை மாத்தினாங்கன்னு தெரியும் மேடம். தப்பு எங்க நடந்ததுன்னு உடனே கண்டுபிடிச்சுடலாம்."

துணை இயக்குநர் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"யாருன்னும் தெரியுமா?"

"பேரோட தெரியும்."

"தேதி?"

"நிமிஷக் கணக்கா."

"அந்த வசதியை மட்டும் அணைச்சு வைக்க முடியுமா?"

"அதுக்காகத்தானே மேடம் அதை வெக்கறதே."

"இங்க பாரு. நான் சேர்ந்ததுலேர்ந்து இந்த ஆபீஸ்ல ஒருத்தர்கூடத் தப்புப் பண்ணினதில்ல. ஏன்னா, யார் பண்ணினாங்கன்னு ஒருத்தருக்கும் தெரியாது. அந்த ஒத்துமையை நேத்து வந்த நீ கெடுத்துடாதே. இப்ப ஆரம்பிச்சதை அழிச்சுடு. முறைப்படி விண்ணப்பம் குடு. பெரிய காரியம், பெரியவங்க கையால நடக்கட்டும்."

புதுசு அழித்தாள். அதற்கும் ஒரு வரி போதுமானதாக இருந்தது.

களஞ்சியத் தொடக்கப் பரிசீலனைக் குழு அமைக்கப்பட்டது. அதனை அமைத்த சுற்றறிக்கை ஒன்றரைப் பக்கத்துக்கு ஒரே வாக்கியமாக ஓடியது. அவ்வாக்கியத்தில் எழுவாய் மூன்று முறை மாறியது. வினைமுற்று ஓரிடத்திலும் இல்லை. ஆகவே அந்த அறிக்கையால் யார் என்ன செய்யப் பணிக்கப்பட்டார்கள் என்பதை எவராலும் கூற முடியவில்லை. அனைவரும் கையொப்பமிட்டார்கள்.

குழு முதலில் களஞ்சியத்துக்கு ஓர் அறை ஒதுக்கியது. அது வட்டில் இருக்கும், அறையில் இராது என்று புதுசு கூறியபோது, துறையின் உடைமை எதுவும் அறையின்றி இருந்ததாக முன்னுதாரணம் இல்லை என்று பதில் வந்தது. அறைக்குப் பூட்டும், பூட்டுக்கு இரண்டு சாவிகளும் வாங்கப்பட்டன. தொடங்கியபின் களஞ்சியத்தில் எதைச் சேர்க்கவும் தேவைப்படும் கடவுச்சொல்லை ஒரு தாளில் எழுதி, உறையிலிட்டு, அந்த அறையில் வைத்துப் பூட்டினார்கள். ஒரு சாவி இயக்குநரிடமும் மற்றொன்று துணை இயக்குநரிடமும் இருக்கும். இரண்டையும் சேர்த்துத் திருப்பினால்தான் கதவு திறக்கும்.

அடுத்து, பெயர். 'கழிவு' என்னும் சொல் அலுவலகத்தின் மாண்புக்குப் பொருந்தாது என்று கழிவுநீர்த் துறை கருதியது. நீண்ட விவாதத்துக்குப் பின் 'தூய்மைப் பெருங்களஞ்சியம்' என்று முடிவாயிற்று. மாற்றம் செய்கிறவர் பெயர் தானாகவே பதிவாகிவிடும் இழிநிலைக்கும் பரிகாரம் காணப்பட்டது: யார் எதை மாற்றினாலும் 'அலுவலகம்' என்ற ஒரே பெயரில்தான் மாற்ற வேண்டும். முதல் பதிவோடு எழுத வேண்டிய குறிப்பு, வழக்கமாக இரண்டு சொற்களில் அடங்குவது, இயக்குநரின் தொலைநோக்கைப் பற்றிய ஆறு பத்திகளாக வளர்ந்தது.

ஒரேயொரு தீர்மானம் மட்டும் புதுசு கேட்டபடியே நிறைவேறியது. விழா முடிந்த கணத்திலிருந்து பம்புப் பொறி களஞ்சியத்துக்கு மட்டுமே கட்டுப்படும். பொது வட்டிலிருந்து எதையும் ஏற்காது. களஞ்சியத்தில் நிரல் இல்லையென்றால் கடைசியாக ஏற்றதையே ஓட்டிக்கொண்டிருக்கும். இதற்கான பூட்டை, விழுந்தபின் கடவுச்சொல் இன்றி எவராலும் எடுக்க முடியாதபடி, அவளே எழுதினாள். அவள் மகிழ்ச்சியோடு எழுதினாள் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இதற்கிடையில் மழை தொடங்கிவிட்டிருந்தது. அக்காவின் வீட்டுக் கட்டில் கால்களுக்கு அடியில் செங்கற்கள் வைக்கப்பட்டன.

"இன்னும் ரெண்டு கல் வெச்சா மின்விசிறியில தலை இடிக்கும்," என்றார் அத்தான். "தலையா காலா, எது முதல்ல போகணும்னு உன் ஆபீஸ்ல ஒரு குழு போட்டுச் சொல்லச் சொல்லும்மா."

"இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கோங்க அத்தான். விழா முடிஞ்சதும் சரியாயிடும்."

"தண்ணி வெளிய போறதுக்கு விழாவா?" என்றாள் அக்கா. "உள்ள வர்றதுக்கு எந்த விழாவும் நடத்தலையே!"

விழாவுக்கான செயல்முறையைப் புதுசுதான் எழுதிக் கொடுத்தாள். இயக்குநர் தம் சொந்த மடிக்கணினியில், தம் கையாலேயே தட்டித் தொடங்கி வைப்பார் என்று முடிவாகியிருந்தது. முதல் படி, பொது வட்டில் நிரல் இருக்கும் கோப்புறைக்குச் செல்லுதல். இரண்டாம் படி, களஞ்சியத்தைத் தொடங்குதல். மூன்றாம் படி, அங்குள்ள கோப்புகளைச் சேர்த்துப் பதிவு செய்தல். துணை இயக்குநர் அத்தாளைப் படித்தார். முதல் படியைச் சிவப்பு மையால் அடித்தார்.

"மேடம், அது இல்லாம முடியாது. அங்க போய்த்தான் ஆரம்பிக்கணும்."

"யார் போகணும்?"

"இயக்குநர் சார்."

"அவர் எதுக்கும்மா அங்க போகணும்? அமைச்சரே வந்தாலும் அவர் வாசல் வரைக்கும்தான் போவார். பொது வட்டு கணினிப் பிரிவுல இருக்கு. ஒரு இயக்குநர் கணினிப் பிரிவுக்குப் போய்க் கை கட்டி நின்னு ஆரம்பிக்கணுமா?"

"நிஜமாப் போறதில்ல மேடம். திரையில ஒரு வரி தட்டினாப் போதும்."

"அந்த வரியைப் பெரிய திரையில இருநூறு பேர் பார்ப்பாங்க. 'போ'ன்னு ஒரு கட்டளை, அதுக்கு இயக்குநர் போறார். நல்லாவா இருக்கு? அவர் எங்க இருக்காரோ அங்கதான் ஆரம்பிப்பார். மத்ததெல்லாம் அவர்கிட்ட வரட்டும்."

"வராது மேடம்."

"இந்த ஆபீஸ்ல அவர்கிட்ட வராம இருந்தது எதுவும் இல்ல," என்று கூறித் துணை இயக்குநர் முத்திரை இட்டார்.

விழாவுக்கு முந்தைய மாலையில், சரியான பிரதியைத் தானே பொது வட்டில் போட்டுவிட வேண்டும் என்று புதுசு உறுதியாக உட்கார்ந்திருந்தாள். ஒலிபெருக்கியைச் சோதிக்க ஆள் இல்லையென்று அவளை அரங்குக்கு அழைத்தார்கள். அவள் மேடையில் நின்று ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிவிட்டுத் திரும்பியபோது விளக்குகள் அணைந்திருந்தன, அறை பூட்டப்பட்டிருந்தது. மூத்தவர் அன்றும் நிம்மதியாகத் தூங்கப் போயிருந்தார்.

மறுநாள் பிற்பகல் அரங்கு நிறைந்தது. மடிக்கணினியின் விசைப்பலகைக்குக் குறுக்கே பட்டு நாடா கட்டியிருந்தார்கள். இயக்குநர் ஒலிபெருக்கிக்கு முன் நின்றார்.

"இந்தத் துறைக்கு நான் வந்தப்போ நண்பர்கள் கேட்டாங்க, ஏன் சார் உங்களுக்கு இந்த நாத்தம் பிடிச்ச வேலைன்னு. நான் சொன்னேன், பதவியில இருக்கற இத்தனை வருஷத்துல நான் ஒரு தடவைகூட அதை மோந்ததில்லன்னு." கைதட்டல். "மக்கள் அனுப்பற ஒவ்வொரு புகாரையும் நாம பத்திரமா வெச்சிருக்கோம். ஒண்ணைக்கூடப் பிரிச்சுப் பாழாக்கினதில்ல." பெருங்கைதட்டல். "இன்னிக்குத் திறக்கற இந்தக் களஞ்சியம் எதையும் மறக்காதுன்னு சொல்றாங்க. அது நல்லதுதான். ஆனா ஞாபகம் வெச்சுக்கறதுக்குன்னு ஏதாவது நடந்திருக்கணும். அப்படி எதுவும் நடக்காம பார்த்துக்கிட்ட உங்க எல்லாருக்கும் என் நன்றி."

நாடா வெட்டப்பட்டது. இயக்குநர் கறுப்புத் திரையைத் திறந்தார். அது எப்போதும்போல அவருடைய சொந்தக் கோப்புறையில் திறந்தது. அவர் ஆள்காட்டி விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினார். துணை இயக்குநர் அவர் காதில் எழுத்துகளை ஓதினார்.

புதுசு எழுந்து நின்றாள். "சார்! இடம் தப்பு சார்! நிரல் இருக்கற இடத்துக்குப் போயிட்டு ஆரம்பிக்கணும்!"

இருநூறு தலைகள் திரும்பின. "உக்காரும்மா," என்றார் மூத்தவர், அவள் முந்தானையைப் பற்றி இழுத்து. "பெரியவங்க தட்டறப்போ குறுக்கே பேசக் கூடாது."

களஞ்சியம் தொடங்கப்பட்டதாகத் திரையில் ஒரு வரி வந்தது. கைதட்டினார்கள். இயக்குநர் மூன்றாம் படியையும் தட்டினார். அவருடைய மடிக்கணினியில் இருந்த அனைத்தும் தூய்மைப் பெருங்களஞ்சியத்துக்குள் நுழையலாயின. அவற்றின் பெயர்கள் பெரிய திரையில் மளமளவென்று ஓடின. பல் மருத்துவரின் படங்கள் ஓடின. முடி நடும் சிகிச்சைக்கான விலைப்பட்டியல் ஓடியது. 'புகார்கள்-படிக்கவில்லை' என்னும் கோப்புறை ஓடியது. அதைத் தொடர்ந்து 'புகார்கள்-படிக்கவேண்டாம்' என்பது வெகுநேரம் ஓடியது. திரை எவ்வளவு வேகமாக ஓடியதோ அவ்வளவு பலமாக அரங்கு கைதட்டியது. முன்னேற்றத்தை இதற்குமுன் அவர்கள் நேரில் கண்டதில்லை.

அதில் ஓடாமல் இருந்தது ஒன்றே ஒன்று. பம்புகளை இயக்கும் நிரல் அங்கு இல்லை.

விழா முடிந்த கணத்தில், புதுசு எழுதிய பூட்டு தவறாமல் விழுந்தது. பம்புப் பொறி களஞ்சியத்தில் நிரலைத் தேடியது, காணவில்லை, கடைசியாக ஏற்ற மூத்தவரின் பிரதியையே ஓட்டத் தொடங்கியது. இனி எவர் எதைப் பொது வட்டில் போட்டாலும் அது ஏற்காது.

சிற்றுண்டி வரிசையில் அவள் இயக்குநரைப் பிடித்தாள்.

"சார், களஞ்சியம் உங்க சொந்தக் கோப்புறையில ஆரம்பமாயிடுச்சு. பம்பு நிரல் அதுக்குள்ள இல்ல. ஒரு நிமிஷம் குடுங்க, அழிச்சுட்டுச் சரியான இடத்துல மறுபடி ஆரம்பிச்சுடறேன்."

இயக்குநர் துணை இயக்குநரைப் பார்த்தார். துணை இயக்குநர் உதட்டைத் துடைத்துக்கொண்டார்.

"உங்க கையால ஆரம்பிச்சதை அழிக்கணும்கறா சார்."

"அழிக்கறதா?" என்றார் இயக்குநர், உண்மையாகவே புண்பட்டவராக. "இப்பத்தானேம்மா எல்லாரும் கைதட்டினாங்க?"

"நிரலையாவது உள்ள சேர்க்க விடுங்க சார். கடவுச்சொல் வேணும். அறையைத் திறந்து விட்டாப் போதும்."

"முதல் பதிவுக்கு அப்புறம் ரெண்டாவது பதிவு போட இன்னும் விதிமுறை வகுக்கலை," என்றார் துணை இயக்குநர். "குழு மழைக்காலம் முடிஞ்சு கூடும்."

"மேடம், மழைக்குத்தான் பம்பே வேணும்! இன்னிக்கு ராத்திரி மழை பெய்ஞ்சா எங்கக்கா வீட்டுக்குள்ள வந்துடும். எங்கத்தானுக்குக் கால்ல புண்ணு. அது பட்டா பாதமே போயிடும்."

இயக்குநர் அவள் தோளில் தந்தையைப் போல் தட்டினார். "அவசரப்படாதேம்மா. கழிவுநீர் எங்க போயிடப் போகுது?"

அவர் கார் ஏறினார். ஒரு சாவி அவரோடு போயிற்று. புதுசு பூட்டிய அறையின் கதவை இரண்டு கைகளாலும் தள்ளிப் பார்த்தாள். துறை வாங்கிய பொருள்களுள் தரமானது அந்தப் பூட்டு ஒன்றுதான்.

சன்னலுக்கு வெளியே மழை தொடங்கியது. அவள் அக்காவை அழைத்தாள்.

"திறந்தாச்சா?" என்றாள் அக்கா.

"திறந்தாச்சு. ஆனா சரியாகலைக்கா. அத்தானைக் கட்டிலை விட்டு இறங்க விடாதே. நீயும் தூங்கிடாதே."

"சரி," என்றாள் அக்கா.

விடியற்காலையில் பேருந்து சரிவின் பாதிவரை வந்து நின்றுவிட்டது. மீதித் தொலைவைப் புதுசு நடந்து கடந்தாள். எதன் வழியாக நடந்தாள் என்பதை வருணிப்பது நாகரிகமாகாது. வீட்டு வாசலில் அது கணுக்காலுக்கு மேல் நின்றது. கூடத்தில் ஒரு செருப்பு, ஒரு தட்டு, யார் வீட்டிலிருந்தோ வந்த சிறு துணி ஒன்று, எல்லாம் மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தன.

அத்தான் கட்டிலில் சாய்ந்திருந்தார். வலது காலை அக்காவின் மடியில் வைத்திருந்தார். கட்டுத்துணி பழுப்பாகி ஒட்டியிருந்தது. அக்கா அதைச் சிறிது சிறிதாக நனைத்துப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"கண் அசந்துட்டேன்டி," என்றாள் அவள், தலை நிமிராமல். "ஒரு நிமிஷம்தான். இவர் என்னை எழுப்ப வேணாம்னு தானா இறங்கிட்டார்."

"இருட்டுல தெரியலம்மா," என்றார் அத்தான். அவர் வேடிக்கையாக எதுவும் சொல்லவில்லை.

"ஆம்புலன்ஸ்?"

"சரிவுக்கு மேல நிக்கறாங்களாம். தண்ணி வடிஞ்சாத்தான் இறங்குவாங்களாம்."

புதுசின் கைப்பேசி ஒலித்தது. துறையின் அறிவிப்பு வந்திருந்தது: ஊழியர் அனைவரும் தூய்மைப் பெருங்களஞ்சியத்தின் பிரதியை நண்பகலுக்குள் பெற்றுக்கொள்ள வேண்டும்; பெற்றவர்கள் அறிந்திடும் பொருட்டு அதன் முதல் கோப்பு இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. அவள் அணைப்பதற்குள் அது திரை முழுவதும் விரிந்தது. கடற்கரை ஒன்றில், வெள்ளை உடையில், இயக்குநர் மணல்மேல் கால்களை நீட்டி அமர்ந்திருந்தார். வெயில் அவர்மேல் விழுந்திருந்தது.

அக்கா எட்டிப் பார்த்தாள். "யாருடி இது?"

"எங்க இயக்குநர்."

அக்கா பிரித்த துணியைக் கையில் வைத்தபடி அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை.

"காலைப் பாரேன்," என்றாள். "எவ்வளவு சுத்தமா இருக்கு."